பொருண்மை அடுக்கும் வினா விடை மரபும்: வணிக அறிக்கையாக்கத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் விற்பனை, இருப்பு, வரவு செலவு குறித்த அறிக்கைகளை உருவாக்கும் பணியில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இன்று இடம்பெற்றுள்ளன. பயனர் இயல்பான மொழியில் கேட்கும் வினாவைத் தரவுத்தள வினவலாக மாற்றி, விடையை அட்டவணையாகவோ வரைபடமாகவோ இவை தருகின்றன. சிதறிக் கிடக்கும் தரவுகளை ஓரிடத்தில் சேர்க்கும் ஒருங்கிணைந்த தரவு மேடைகள் இவற்றுக்கு அடித்தளமாக அமைகின்றன. இவ்வகை விடையின் நம்பகத்தன்மை தரவின் அளவைவிட, வினாவில் வரும் சொற்களுக்கு வரையறுக்கப்பட்ட பொருளையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பலபொருள் ஒருசொல், வேற்றுமைத்தொகை மயக்கம், வினா விடை வகைகள் ஆகிய தமிழிலக்கணக் கருத்துகள் இச்சிக்கலைப் பகுத்தறியப் பயன்படுமாறும் இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வணிக நுண்ணறிவு, தரவு மேடை, பொருண்மை அடுக்கு, வினவல்மொழி, பலபொருள் ஒருசொல், வேற்றுமைத்தொகை, வினா விடை.

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் மேலாளர், சென்ற ஆண்டு விற்பனை எவ்வளவு என்று அறிய விரும்பினால், பல இடங்களில் இன்றும் தரவுப் பிரிவைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டு, அவர் அறிக்கை தயாரித்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. இந்த இடைவெளியை நீக்குவதாகச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் முன்வைக்கப்படுகின்றன. வினாவைத் தட்டச்சு செய்தால் சில நொடிகளில் விடை கிடைக்கிறது. ஆனால் காத்திருந்த காலத்தில் வேறொரு செயலும் நடந்துவந்தது. அறிக்கை தயாரிப்பவர், ‘விற்பனை என்பதில் வரி சேருமா, திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டுமா’ என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கணக்கிட்டார். காத்திருப்பு நீங்கும்போது அத்தெளிவும் உடன் நீங்கிவிட்டால், விரைவாகக் கிடைக்கும் விடை பிழையான விடையாகிவிடக்கூடும். அவ்விடையைக் கொண்டு கொள்முதல், ஊதியம், பணியமர்த்தல் ஆகியவை முடிவு செய்யப்படுகின்றன என்பதால் இச்சிக்கல் தொழில்நுட்ப எல்லையோடு நின்றுவிடுவதில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இதன் மையமாக இருப்பதால் மொழியாய்வும் இதில் பங்கேற்க இடமுண்டு.

1. வணிக நுண்ணறிவு: சுருக்கமான வரலாறு

வணிக நுண்ணறிவு என்னும் துறைப்பெயர் எண்களோடு மட்டுமே தொடர்புடையதாக இன்று கருதப்படுகிறது. அதன் தொடக்கமோ பனுவல்களோடு தொடர்புடையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், 1958இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் இச்சொற்றொடரைத் தலைப்பாகவே ஆண்டார். ஆவணங்களைத் தானாகச் சுருக்கி, அவை எவருக்குப் பயன்படுமோ அவரிடம் சேர்ப்பிக்கும் அமைப்பையே அவர் முன்மொழிந்தார். சொல்லடைவு ஆய்வில் ஈடுபடுவோர் அறிந்த, சொல்லை அதன் சூழலோடு காட்டும் கணினிவழி அடைவு முறையை உருவாக்கியவரும் இவரே.

1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரி, தரவுகளை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக அமைக்க வழிகாட்டியது. அவ்வட்டவணைகளிடம் வினவுவதற்கான மொழியை டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டனர். அதுவே எஸ்.க்யூ.எல். என்னும் பெயரில் இன்றும் வழங்குகிறது. 1990களில் பில் இன்மன், ரால்ஃப் கிம்பல் ஆகியோரின் நூல்கள் தரவுக் கிடங்கு என்னும் கருத்தை நிலைநிறுத்தின. அன்றாட வணிக நடவடிக்கைகளைப் பதியும் தரவுத்தளம் வேறு, ஆய்வுக்கும் அறிக்கைக்கும் உரிய கிடங்கு வேறு என்ற பிரிவு இவ்வாறு உறுதிப்பட்டது.

இயல்பான மொழியில் வினவும் விருப்பமும் புதிதன்று. அப்பல்லோ பயணங்கள் கொணர்ந்த நிலவுப் பாறைகளின் வேதியியல் தரவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்கும் வினாக்களுக்கு விடை தரும் லூனார் என்னும் அமைப்பை வில்லியம் வுட்ஸ் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1974இல் காட் முன்மொழிந்த ராண்டேவூ என்னும் திட்டம் இக்கட்டுரையின் நோக்கில் மேலும் முதன்மையானது. அவ்வமைப்பு, பயனரின் வினாவில் தெளிவில்லாத பகுதிகளைக் குறித்து அவரிடமே திருப்பிக் கேட்கும். தான் புரிந்துகொண்டதைத் தெளிவான தொடராக எடுத்துச்சொல்லி ஒப்புதல் பெற்ற பின்னரே தரவைத் தேடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்ட இத்தேவையை, சரளமாக எழுதும் இன்றைய உதவியாளர்கள் பலநேரம் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

2. ஒருங்கிணைந்த தரவு மேடையின் அமைப்பு

ஒரு நிறுவனத்தின் தரவு பல இடங்களில் சிதறிக் கிடப்பது இயல்பு. கடையில் போடப்படும் பில்கள் ஒரு மென்பொருளிலும், இணையவழிப் பெறப்படும் ஆணைகள் மற்றொன்றிலும், இருப்புக் கணக்கு எக்ஸெல் கோப்பிலும், கணக்குப் பதிவுகள் வேறொரு மென்பொருளிலும் இருக்கும். இவற்றை ஓரிடத்தில் சேர்த்து, ஒரே பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தி, சேமிப்பு முதல் அறிக்கை வரை எல்லாப் படிகளையும் ஒரே சூழலில் நிகழ்த்த உதவுவது ஒருங்கிணைந்த தரவு மேடை எனப்படுகிறது. 2023இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய ஃபேப்ரிக் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நிறுவனத்தின் தரவு முழுவதையும் ஒன்லேக் என்னும் ஒரே சேமிப்பில் வைத்து, பவர் பி.ஐ. அறிக்கைகள் அதிலிருந்தே படிக்குமாறு அது அமைந்துள்ளது. டேட்டாபிரிக்ஸ், ஸ்னோஃபிளேக் ஆகிய நிறுவனங்களின் மேடைகளும் இதே நோக்கம் உடையவை. இவை அனைத்தும் இயல்பான மொழியில் வினவும் உதவியாளர்களையும் கொண்டுள்ளன.

தரவு ஓரிடத்தில் சேராதபோதும், ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் என்ன நேரும் என்பதற்கு 2020இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் இடம்பெறாமல் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகள் எக்ஸெலின் பழைய கோப்பு வடிவத்துக்கு மாற்றப்பட்டன. அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. எல்லையைக் கடந்த பதிவுகள் உரியவாறு சேராமல் போயின. தொற்றுற்றோரோடு பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணி இதனால் தாமதப்பட்டது. அன்று அக்கணக்கின்மீது ஓர் உதவியாளர் இயங்கியிருந்தால், குறைந்த எண்ணிக்கையை அழகிய தொடரில் உறுதியாகச் சொல்லியிருக்கும். அடித்தளத்தில் இல்லாத வரிசையை மேலடுக்கில் உள்ள எந்த நுண்ணறிவும் காண இயலாது.

ஆகவே, தரவை ஓரிடத்தில் சேர்ப்பது முதல் தேவை. எனினும் அது ஒன்றே போதாது. ஒரே சேமிப்பில் உள்ள இரண்டு அட்டவணைகள் ‘வாடிக்கையாளர்’ என்னும் ஒரே பெயரால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கக்கூடும். ஒன்றில் அது பொருள் வாங்கிய ஒருவர். மற்றொன்றில் பதிவு மட்டும் செய்து எதையும் வாங்காதவரும் வாடிக்கையாளரே. இடம் ஒன்றானாலும் பொருள் ஒன்றாகிவிடவில்லை.

3. வினா வினவலாக மாறும் முறை

2017இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பின் வழிவந்த பெருமொழி மாதிரிகளே இன்றைய உதவியாளர்களின் மையம். பயனர் கேட்கும் வினாவோடு, அட்டவணைகளின் பெயர்கள், நெடுவரிசைகளின் பெயர்கள், அவற்றின் விளக்கங்கள், முன்னர் எழுதப்பட்ட மாதிரி வினவல்கள் ஆகியவையும் மாதிரிக்குத் தரப்படுகின்றன. மாதிரி ஒரு வினவலை எழுதுகிறது. தரவுத்தளம் அதனை இயக்கி எண்களைத் தருகிறது. அவ்வெண்களை மாதிரி மீண்டும் தொடராக்கித் தருகிறது. முறையாக அமைந்த ஓர் அமைப்பில் எண்ணைக் கணக்கிடுவது தரவுத்தளமே. மாதிரியின் பணி மொழிபெயர்ப்புப் பணி. எனவே பிழை பெரும்பாலும் கூட்டலில் நிகழ்வதில்லை. எதைக் கூட்டுவது என்பதில் நிகழ்கிறது.

இம்மொழிபெயர்ப்புத் திறனை அளக்கும் ஆய்வுகளும் இதனையே காட்டுகின்றன. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஸ்பைடர் என்னும் தொகுப்பில் 200 தரவுத்தளங்கள் குறித்த 10,181 வினாக்கள் உள்ளன. அங்குள்ள அட்டவணைகள் பெரும்பாலும் தெளிவான பெயர்களைக் கொண்டவை. 2023இல் வெளியான பேர்ட் என்னும் தொகுப்பு, நடைமுறையில் காணப்படும் ஒழுங்கற்ற தரவுகளையும், அட்டவணையில் எழுதப்படாத துறையறிவைக் கோரும் வினாக்களையும் கொண்டது. அது வெளியான காலத்தில் ஜி.பி.டி.-4 மாதிரி 54.89 விழுக்காடு வினாக்களுக்கே சரியான விடை தந்தது, மனிதர்கள் 92.96 விழுக்காடு எட்டினர். பின்வந்த மாதிரிகள் இவ்விடைவெளியைக் குறைத்துவருகின்றன. ஆயினும், ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே வழங்கும் பொருள் எழுதிவைக்கப்படாத வரையில் அதனை எந்த மாதிரியும் ஊகிக்கவே வேண்டியுள்ளது.

4. ‘விற்பனை’ என்னும் சொல்: ஒரு விளக்கம்

இதனை விளக்க, மூன்று கிளைகளைக் கொண்ட ஒரு துணி வணிக நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். சனவரி முதல் மார்ச்சு வரை அது பெற்ற ஆணைகளின் மதிப்பு 50,00,000 ரூபாய். அவற்றுள் 4,00,000 ரூபாய்க்கான ஆணைகள் நீக்கப்பட்டன. எஞ்சிய 46,00,000 ரூபாய்க்குப் பில் போடப்பட்டது. 5 விழுக்காடு வரியைச் சேர்த்தால் பில்களின் கூட்டுத்தொகை 48,30,000 ரூபாய். பின்னர் வரி நீங்கலாக 3,00,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு திரும்பி வந்தது. நிகரத் தொகை 43,00,000 ரூபாய். இப்போது ‘விற்பனை எவ்வளவு’ என்ற வினாவுக்கு 50,00,000, 48,30,000, 46,00,000, 43,00,000 ஆகிய நான்கு விடைகள் உள்ளன. நான்கும் தரவில் உள்ளவை. நான்கும் பிழையில்லாத கூட்டல்கள். விற்பனைப் பிரிவினர் முதலாவதையும், காசாளர் இரண்டாவதையும், கணக்காளர் நான்காவதையும் விற்பனை என்று வழங்கக்கூடும்.

காலத்தைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் ‘சென்ற ஆண்டு’ என்றால், அது 2024 சனவரி முதல் திசம்பர் வரையா, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச்சு வரையா என்பது சொல்லில் இல்லை. ‘முதல் காலாண்டு’ என்பது ஒரு கணக்கில் சனவரியில் தொடங்கும். மற்றொரு கணக்கில் ஏப்ரலில் தொடங்கும்.

அட்டவணைகளை இணைக்கும்போது நேரும் பிழை இவற்றினும் நுட்பமானது. ஒரு பில்லின் மொத்தத் தொகை 9,000 ரூபாய் என்றும், அதில் மூன்று பொருள்கள் உள்ளன என்றும் கொள்ளலாம். மொத்தத் தொகை ஓர் அட்டவணையிலும் பொருள்கள் மற்றோர் அட்டவணையிலும் இருக்கும். இரண்டையும் இணைத்தால் 9,000 என்னும் எண் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ஒருமுறை என மூன்று முறை வரும். அதனைக் கூட்டினால் 27,000 கிடைக்கும். வினவல் பிழையின்றி இயங்கும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. அதுபோலவே, 90 இலட்சம் விற்ற கிளையில் இலாபம் 10 விழுக்காடும், 10 இலட்சம் விற்ற கிளையில் 30 விழுக்காடும் இருந்தால், இரண்டின் சராசரியை 20 என்பது பிழை. 100 இலட்சத்துக்கு 12 இலட்சம் இலாபம் என்பதால் சரியான விடை 12 விழுக்காடு. எனவே ஓர் அளவைக்கு வரையறை தருவது என்பது, அது எதைக் குறிக்கும் என்பதோடு, அது எவ்வாறு தொகுக்கப்படும் என்பதையும் உட்கொண்டதாகும்.

5. பொருண்மை அடுக்கும் நிகண்டு மரபும்

இவ்வரையறைகளை எழுதிவைக்கும் இடமே பொருண்மை அடுக்கு எனப்படுகிறது. தரவு அட்டவணைகளுக்கும் வினவுவோருக்கும் இடையில் இது அமைகிறது. ‘நிகர விற்பனை’ என்றால் எந்த நெடுவரிசை, எவை கழிக்கப்படும், எந்த நாளைக் கொண்டு கணக்கிடப்படும், எந்த அட்டவணைகள் எவ்வாறு இணையும், இதற்கு வழங்கும் வேறு பெயர்கள் யாவை என்பன இதில் பதியப்படுகின்றன. வரையறை ஒருமுறை எழுதப்பட்டபின் எல்லா அறிக்கைகளும் உதவியாளரும் அதனையே பயன்படுத்தும். உதவியாளர் கூட்டும் முறையைத் தானே புனைவதற்கு மாறாக, வரையறுத்த அளவையைப் பெயர்சொல்லி அழைக்கும்.

தமிழ் அகராதியியல் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வமைப்பு அயலானதன்று. சேந்தன் திவாகரத்தின் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பது. அதற்கு முற்பட்ட தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பவை. பன்னிரண்டாம் தொகுதி பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயரைத் தருவது. பொருண்மை அடுக்கை அமைப்போர் எதிர்கொள்ளும் பணிகளும் இம்மூன்றே. ‘விற்பனை’ என்பது ஒருசொல் பலபொருள். தூத்துக்குடி, டூட்டிகொரின் என்பன ஒருபொருள் பலபெயர். ‘தென்மண்டலம்’ என்றால் எந்தெந்த மாவட்டங்கள் என்பது கூட்டப்பெயர். இவ்வொப்புமையைக் கொண்டு நிகண்டுகளில் கணினி அறிவியல் இருந்தது எனக் கூறுவது பொருந்தாது. நிகண்டு வழக்கில் உள்ள பொருள்களைத் தொகுக்கிறது. பொருண்மை அடுக்கோ அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, பிறவற்றுக்கு வேறு பெயரிட்டு, அந்நிறுவனத்துக்குள் அதனை விதியாக்குகிறது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. தேர்வு என்பது முடிவு. முடிவுக்கு உரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை, தொடரில் வரும் வினை முதலியவற்றால் பொருள் தெளிவது, அவ்வாறு தெளியாதது என இரண்டாக வகுக்கிறது. இப்பாகுபாடு உதவியாளரின் நடத்தையை மதிப்பிடவும் உதவும். ‘கிளைகளில் எதில் விற்பனை கூடியது’ என்ற வினாவில் ‘கிளை’ என்பது மரக்கிளை அன்று என்பதைத் தொடரே காட்டுகிறது. பெருமொழி மாதிரிகள் இத்தகைய தெளிவில் வல்லவை. ‘விற்பனை எவ்வளவு’ என்பதிலோ எந்த விற்பனை என்பதைத் தொடர் காட்டவில்லை. இங்குக் கூறுவோன் தான் கருதியதை வெளிப்படக் கூற வேண்டும் என்பதே தொல்காப்பியர் கருத்து. கூறுவோர் அவ்வாறு கூறாதபோது கேட்கும் அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்த வினாவாகிறது.

6. வினா வகையும் விடை வகையும்

நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. வணிக அறிக்கையாக்கத்தில் நிகழும் உரையாடலை இவ்வகைப்பாட்டின் வழி நோக்கலாம். ‘மார்ச்சில் எத்தனை பில்கள்’ என்பது அறியா வினா. ‘விற்பனை குறைந்ததற்குக் காரணம் விலையேற்றமா, சரக்கின்மையா’ என்பது ஐய வினா. முன்னதற்குத் தரவில் நேரான விடை உண்டு. பின்னதற்குத் தரவு சான்று தரலாம். காரணத்தை முடிவுசெய்ய அதுமட்டும் போதாது. இரண்டுக்கும் ஒரே உறுதியான குரலில் விடையளிப்பது உதவியாளர்களிடம் காணப்படும் குறைகளுள் ஒன்று. விடை தெரிந்தே கேட்கும் அறிவினா வேறொரு வகையில் பயன்படுகிறது. சரியான விடை முன்னரே கணக்கிடப்பட்ட வினாக்களைத் தொகுத்து, உதவியாளரிடம் அவற்றைக் கேட்டு, விடைகளை ஒப்பிடுவதே சோதனை முறையாகும். ஆசிரியர் மாணவரிடம் கேட்பதும் இவ்வாறே.

விடைகளுள், சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர் விடைகள். பிற ஐந்தும் பொருளால் விடையாகக் கொள்ளப்படுவன. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. வினாவுக்கு விடையாக மற்றொரு வினாவைக் கேட்பது வினாதல். ‘விற்பனை எவ்வளவு’ என்று கேட்டவரிடம், ‘வரி நீங்கலான நிகர விற்பனையா, பில்களின் கூட்டுத்தொகையா’ என்று கேட்பது விடை தவிர்த்தல் ஆகாது. அதுவும் ஒரு விடையே. காட் 1974இல் முன்மொழிந்ததும் இதுவே. கேட்டதற்கு மாறாக அதற்கு இனமான ஒன்றைக் கூறுவது இனமொழி. ‘ஆடுவாயா’ என்பதற்குப் ‘பாடுவேன்’ என்பது போன்றது அது. பேச்சில் கேட்பவர் அம்மாற்றத்தை உடனே உணர்கிறார். அறிக்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இலாபம் கேட்கப்பட்டு, இலாப நெடுவரிசை கிடைக்காமையால் விற்பனையிலிருந்து ஊகித்த எண்ணை உதவியாளர் தருமாயின், அட்டவணையின் தலைப்பில் ‘இலாபம்’ என்றே இருக்கும். மறைந்த இனமொழியே இத்துறையில் மிகவும் தீங்கு பயப்பது. ‘இத்தரவில் அதற்கு விடையில்லை’ எனக் கூறும் வழியும் உதவியாளருக்கு அமைத்துத் தரப்படவேண்டும்.

எல்லா வினாவுக்கும் எதிர்வினா எழுப்பினால் பயனர் சலிப்படைவர் என்பது உண்மை. பொருண்மை அடுக்கில் வரையறை இருக்குமிடத்து அதனைக் கொண்டு விடையளித்து, கொண்ட வரையறையை விடையோடு சேர்த்துக் காட்டுவதும், வரையறை இல்லாத இடத்தில் மட்டும் திருப்பிக் கேட்பதும் நடைமுறைக்கு ஏற்றதாகும்.

7. தமிழில் வினவும்போது எழும் சிக்கல்கள்

தமிழில் வினவும்போது மேலும் சில சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது வேற்றுமை தொடர்பானது. ‘மதுரையில் விற்றது’ என்றால் மதுரைக் கிளையில் விற்றது. கிளையைக் குறிக்கும் நெடுவரிசையைத் தேட வேண்டும். ‘மதுரைக்கு விற்றது’ என்றால் மதுரையில் உள்ள வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டது. முகவரி நெடுவரிசையைத் தேட வேண்டும். ‘மதுரையிலிருந்து அனுப்பியது’ என்றால் கிடங்கைக் குறிக்கும் நெடுவரிசை. எந்த நெடுவரிசை என்பதை உருபே முடிவுசெய்கிறது. உருபுகளைக் களைந்து வேர்ச்சொல்லை மட்டும் ஒப்பிடும் முறை இவ்வேறுபாட்டை இழந்துவிடும். ‘மதுரை விற்பனை’ என்னும் தொகையிலோ உருபே மறைந்துள்ளது; மேற்கூறிய எப்பொருளுக்கும் அது இடந்தரும். தொகைநிலைத் தொடர் மயங்குமிடத்து இரண்டு முதல் ஏழு வரையான பொருள்களைத் தரும் என்று நன்னூல் கூறுவது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. வணிக வழக்கில் தொகைகளே மிகுதி. ஆகவே தொகையை விரித்துக் காட்டி ஒப்புதல் பெறுவது தமிழ் உதவியாளரின் இன்றியமையாப் பண்பாக அமைய வேண்டும்.

இரண்டாவது எழுத்து தொடர்பானது. தரவுத்தளங்களில் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் பதியப்பட்டுள்ளன. ழகரம் உரோமன் எழுத்தில் பல வகையாக எழுதப்படுவதால், ஒரே பெயர் பல வடிவங்களில் காணப்படுகிறது. தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும் பின்னும் வருகிறது. எனவே ஒருவரே இருவராகவும், இருவர் ஒருவராகவும் எண்ணப்படலாம். ‘விற்பனை’ என்னும் சொல் தமிழ் எழுத்தெண்ணிக்கையில் நான்கு, ஒருங்குறியில் ஏழு குறியீடுகள், யு.டி.எஃப்.-8 முறையில் 21 பைட்டுகள். மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக்கிக் கையாள்வதால், தமிழுரை ஆங்கிலத்தைவிட மிகுதியான துண்டுகளாகச் சிதைய இது ஒரு காரணமாகிறது. அது செலவையும் காலத்தையும் கூட்டுகிறது.

மூன்றாவது எண்ணுமுறை தொடர்பானது. இலட்சம், கோடி என்னும் அலகுகளுக்கும் மில்லியன், பில்லியன் என்னும் அலகுகளுக்கும் இடையே மாற்றம் நிகழும்போது ஒரு சுழி பிறழ்ந்தாலும் எண் பத்து மடங்கு மாறிவிடும். 10 இலட்சம் ஒரு மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். எந்த அலகு என்பதை விடையில் எழுத்தால் குறிப்பது இப்பிழையைத் தடுக்கும்.

8. சரிபார்ப்பும் பொறுப்பும்

உதவியாளரின் விடையை ஏற்பதற்கு முன்னர் அதனோடு சில விவரங்களும் காட்டப்பட வேண்டும். எழுதப்பட்ட வினவல், கொண்ட வரையறை, கால எல்லை, விலக்கப்பட்டவை, தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் ஆகியவை அவை. வினவல்மொழி அறியாதவருக்காக, ‘2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச்சு வரை, மூன்று கிளைகளிலும், வரியும் திரும்பிய சரக்கும் நீங்கலாக’ என்பதுபோல் அவ்வினவல் எளிய தமிழில் விரித்துரைக்கப்படுதல் நலம். மூலத்தைப் படிக்க இயலாதவருக்கு உரை உதவுவது போன்றது இது. ஆனால் அவ்வுரையும் மாதிரியால் எழுதப்படுமாயின், அது வினவலோடு பொருந்துகிறதா என்பதைத் துறை அறிந்தோர் இடையிடையே சோதிக்க வேண்டும்.

அணுகுரிமையும் கருதத்தக்கது. ஒரு கிளையின் மேலாளர் பிற கிளை ஊழியரின் ஊதியத்தைக் காண உரிமையில்லாதவராயின், அவர் சார்பில் வினவும் உதவியாளருக்கும் அவ்வுரிமை இருத்தல் கூடாது. இத்தடை தரவு மேடையிலேயே அமைய வேண்டும். உதவியாளருக்கு இடும் அறிவுறுத்தலாக மட்டும் அமைந்தால் அது மீறப்படலாம். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனத்தின் மீதே கடமைகளைச் சுமத்துகிறது. கருவியின் மேல் பழி சுமத்தி அக்கடமையிலிருந்து நிறுவனம் விலக இயலாது.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வினவும் உழைப்பைக் குறைக்கிறது. வினாவின் பொருளை வரையறுக்கும் உழைப்பை அது குறைக்கவில்லை. ஒருங்கிணைந்த தரவு மேடையின் ஒருமை, சேமிப்பின் ஒருமையில் தொடங்கிச் சொற்பொருளின் ஒருமையில் நிறைவுறுகிறது. அவ்வொருமையைக் கணினிப் பொறியாளர் மட்டும் உருவாக்க இயலாது. விற்பவர், கணக்கெழுதுபவர், முடிவெடுப்பவர் ஆகியோர் ஒரு சொல்லுக்குத் தாம் கொண்டுள்ள பொருளை ஒருவருக்கொருவர் வெளிப்படுத்தி, ஒன்றை ஏற்றுப் பெயரிட வேண்டும்.

தமிழில் இயங்கும் உதவியாளர்களுக்குச் செய்யவேண்டிய பணிகளாக இவ்வாய்விலிருந்து மூன்றைச் சுட்டலாம். வேற்றுமை உருபுகளை நெடுவரிசைகளோடு பொருத்தும் விதிகளை உருவாக்குதல், வணிகத் தொகைச் சொற்களையும் அவற்றின் விரிகளையும் தொகுத்தல், விடை அறிந்த தமிழ் வினாக்களைக் கொண்டு சோதனைத் தொகுப்பு அமைத்தல் என்பன அவை. மூன்றும் சொல்லாய்வும் இலக்கணப் பயிற்சியும் வேண்டுபவை. தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்தே செய்யத்தக்கவை. உரையாசிரியர்கள் ஒரு தொகையை விரிக்கும்போது கொண்ட கவனம், ஒரு கடையின் மூன்று மாதக் கணக்கைக் கேட்கும் எளிய வினாவுக்கும் இன்று தேவைப்படுகிறது.